சாக்ஸ் போட்ட காலிடம் நிலம் கேட்டது

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து, மழை நாளில் கரும்புத் தோட்டத்துக்குள் மாடு புகுந்து ஓடிய தடம் போல இருக்கும். எழுத்துப் பிழைக்கும் குறைவில்லை. தென்னிந்தியர் நடத்திய ஆரம்பப் பள்ளியோடு என் படிப்பு முடிந்தது. (முடிந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அப்பா வந்து வாத்தியாருக்கு ஒரு வணக்கம் போட்டு, என் கையில் கரும்பு வெட்டும் கத்தியைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்.) கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்டவர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் எங்கள் குருக்கள். பிழை திருத்தித் தருவதாகவும் அவரே வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே இனி வரும் பிழைகளுக்கு அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் கூச்சம் பிடித்தவன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் வரை உட்கார்ந்திருந்து, பிறகு வெயிலில் நடந்து திரும்புவேன். பெண் பார்க்கப் போன அன்று தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாக்கியம் என்னும் என் மனைவியின் கால் விரல்களுக்குத்தான் நான் முதலில் சம்மதம் சொன்னேன். முகத்தைத் தாலி கட்டும்போது பார்த்தேன். நல்ல முகம். அதிர்ஷ்டம்தான்.

இப்படிப்பட்டவன் பிஜித் தீவில் ட்ராசா வட்டாரக் கரும்பு விவசாயிகள் குழுவுக்கு எப்படித் தலைவன் ஆனான் என்று நீங்கள் கேட்கலாம். ஆட்சிக் கவிழ்ப்பால் ஆனேன். (இங்கே அதைச் சுருக்கமாக ‘கூ’ என்போம். அடிக்கடி வருகிறவருக்குச் சின்னப் பெயர்தான் வசதி.) எண்பத்தேழில் கூ வந்ததும் எங்கள் தலைவர் கனடாவுக்குப் போனார், துணைத் தலைவர் தலைவரானார். இரண்டாயிரத்தில் அடுத்த கூ; அவர் சிட்னிக்குப் போனார்; செயலாளர் தலைவரானார். அதற்கடுத்த கூவுக்குச் செயலாளரும் பொருளாளரும் ஒரே விமானத்தில் ஏறினார்கள். கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தால், நாற்காலிகள் மட்டும் இருந்தன. மற்றவர்கள் உழைத்து முன்னுக்கு வந்தார்கள். என்னை ராணுவம் முன்னுக்குக் கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிலத்தின் குத்தகை முடியப் போயிற்று.

இங்கே நாங்கள் உழுகிற நிலம் எங்களுடையதல்ல. பிஜியர் குலம் ஒன்றுக்குச் சொந்தம். தாத்தா காலத்திலிருந்து குத்தகையில் பயிர் செய்கிறோம். தவணை முடிந்தால் குலத்தார் மனம் வைத்து மறுபடி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீட்டைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பக்கத்து வீடுகள் பல அப்படித்தான் காலியாகியிருந்தன.

பாக்கியத்துக்கு அதில் வருத்தமே இல்லை. அவள் தம்பி மணி ஆக்லாந்தில் கடை வைத்திருந்தான். அக்காவையும் மச்சானையும் எங்கள் மகள் செல்வியையும் வரவழைக்கக் காகிதங்கள் தயார் செய்துவிட்டான். எனக்குக் கடையில் வேலையாம். வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்து, நலம் விசாரித்து, மிச்சக் காசைக் கையில் கொடுக்க வேண்டுமாம். ஒரு நாளைக்கு நூறு பேரை விசாரிக்க வேண்டிய வேலை! நான் பிஜியை விட்டுப் போக மறுத்ததை நாட்டுப்பற்று என்று சிலர் மேடையில் புகழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாயை அடைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் நாங்கள் பிஜி இந்திதான் பேசுவோம். பாக்கியம் கோபம் வந்தால் மட்டும் தன் அப்பா பேசிய தமிழுக்கு மாறுவாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"லீசு முடிஞ்சா ஆக்லாந்து. அவ்ளோதான். மணிக்கிட்ட சொல்லிட்டேன்."

"லீசு மறுபடி கெடைச்சா?"

"யாரு போயி கேக்கிறது?"

"நான்தான்."

அவள் அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீங்க கேட்டு, அவுங்க குடுத்தா, நான் இங்கியே இருக்கிறேன். மாரியம்மா மேல சத்தியம்."

நடக்கவே நடக்காது என்று தெரிந்தால் மனிதர்கள் எவ்வளவு தாராளமாகச் சத்தியம் செய்கிறார்கள்!

ஆக, என் நிலைமை இதுதான். வாழ்நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு பேசாமல் இருக்க வேண்டுமானால், முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரு தடவை பேசியாக வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதிலும் சிக்கல். குலத்தின் பழைய தலைவர் காலமாகிவிட்டார். அவர் இருந்தவரை அப்பாவோடு அவருக்குப் பழக்கம். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கையை ஆட்டினாலே போதும். இப்போது தலைவர் அவர் மகன், ராத்து இலியேசா. (ராத்து என்பது தலைவர் வீட்டு ஆண்பிள்ளைகளின் பட்டம்.) அவர் சின்ன வயதிலேயே படிக்கப் போய், தலைநகர் சுவாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் "அவர் சரியென்றால் எங்களுக்கும் சரி" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து அதே பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அனீபா பாயிடம் கொண்டுபோனேன். அவர் அருகிலுள்ள லவுத்தோக்கா நகரத்தில் டாக்சி ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்து வீடு. தெரியாதது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"அண்ணே, பருவநிலை, கரண்டு, இதப் பத்தியெல்லாம் கூடிப் பேசப் போறாங்களாம். கரும்புச் சக்கைய எரிச்சு கரண்டு எடுக்கிறாங்கல்ல, அதுக்கு ஒரு வெவசாயி வந்து பேசணுமாம். நீ தலைவராச்சே!"

"நான் போகல பாய்."

"அட, கேளு. அந்த ராத்துவும் அங்கதான இருக்காரு? சக்கையப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லு. அவரு முன்னாடி நங்கோனாவ வை. நெலத்தக் கேளு. வந்துரு."

நங்கோனா பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வேர். இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். பிஜியரிடம் பெரிதாக எதைக் கேட்கப் போனாலும் அந்த வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கட்டை முன்னால் வைத்துக் கேட்க வேண்டியதைத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். பெரியவர் கட்டைத் தொட்டுவிட்டால் கேட்டது அவர் பொறுப்பாகிவிடும். தொட்டதைத் திருப்பித் தர முடியாது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் கூடாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கேட்கிறவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது. எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து ஏற்படுத்திய வழக்கம் போல இருந்தது.

"ஆளு யாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பெரிய வீட்டு ஆளு எப்பிடி இருப்பாரு? கோட்டுப் போட்டு, கீழ சூலு கட்டியிருப்பாரு. சூலு கட்டின பெருசாப் பாத்துக் குனிஞ்சிரு."

சூலு என்பது பிஜியர் இடுப்பில் கட்டுவது. முழங்காலுக்குக் கீழே வரும். நம் வேட்டிக்குத் தம்பி.

அனீபா பாய் டாக்சியிலேயே போனோம். வழி முழுக்க அவர் பிஜி மொழியில் வாசகங்களைச் சொல்லிக் கொடுக்க, நான் திருப்பிச் சொன்னேன். பாதி வழியில் ராணுவச் சோதனைச் சாவடி. சிப்பாய் குனிந்து எங்கே போகிறீர்கள் என்றார். பருவநிலையைப் பற்றிப் பேச என்றார் அனீபா பாய். சிப்பாய் நிமிர்ந்து வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மழை வரும். சீக்கிரம் போங்க" என்று வழிவிட்டார். அன்றைக்கு நாங்கள் கேட்ட ஆராய்ச்சிகளிலேயே பலித்தது அது ஒன்றுதான். வழியிலுள்ள நவுவா ஊருக்குப் போய்ச் சந்தையில் நல்ல வேர்க்கட்டாக ஒன்று வாங்குவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது.

பல்கலைக்கழக மண்டபத்துக்குள் போனதும் பல் கிட்டிவிட்டது. பூமி சூடாகிறது என்று பேசுவதற்கு அவ்வளவு குளிர் தேவைப்படுகிறது போலும். வாசலில் ஒரு பெண் என் சட்டையில் ஒரு அட்டையைக் குத்தினாள். என்ன எழுதியிருக்கிறது என்று அனீபா பாயைக் கேட்டேன். "பங்குதாரர்னு போட்டிருக்கு" என்றார். எனக்கு எதிலே பங்கு என்று இன்றுவரை தெரியவில்லை. நிலத்தில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அப்போதெல்லாம் நாலு பேர் கூடிப் பேசப் போலீஸ் அனுமதி வேண்டும். அனுமதியோடு ஒரு போலீஸ்காரரையும் அனுப்பி வைப்பார்கள். அவர் கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது அரசியல் பேசுகிறார்களா என்று தூக்கத்துக்கு நடுவே கவனித்துக்கொண்டிருந்தார். கரும்பு யார் நிலத்தில் விளைகிறது என்பது அரசியல். நிலம் யாருக்கு எத்தனை நாளைக்கு என்பது அரசியல். கரண்டு யாருக்குப் போகிறது, விலை யார் வைக்கிறார்கள் என்பதும் அரசியல். இவற்றைக் கழித்தால் வெயிலும் காற்றும்தான் மிச்சம். அவற்றைப் பற்றி அறிஞர்கள் துணிச்சலாகப் பேசினார்கள்.

பேச்செல்லாம் இரண்டாயிரத்து ஐம்பதாம் ஆண்டைப் பற்றித்தான். அப்போது ஆலைகள் எப்படி இருக்கும், எவ்வளவு சக்கை வரும் என்று சுவரில் படம் காட்டினார்கள். எனக்கு அடுத்த தீபாவளிக்கு மேல் பயிர் வைக்க இடமில்லை. ஆனாலும் தலையாட்டினேன். கூச்சக்காரன் எதற்கும் தலையாட்டுவான்.

பிறகு ஆளுக்கு ஒரு பச்சைத் தாளும் மஞ்சள் தாளும் கொடுத்தார்கள். பச்சையில் நம்பிக்கையை எழுதி ஒட்ட வேண்டுமாம், மஞ்சளில் பயத்தை. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாததாலும், தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததாலும், மஞ்சள் தாளை வெறுமையாக ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு அம்மாள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு அதைப் படம் எடுத்தார்.

இந்தக் குளிருக்கும் பயத்துக்கும் எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. வேர்க்கட்டோடு போக முடியுமா? தரையில் வைக்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு பிஜியர் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒலிபெருக்கி வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பனியன் மாதிரி ஒரு சட்டை, ஜீன்ஸ், ரப்பர் செருப்பு. மண்டபத்து வேலையாள் என்று நினைத்தேன். "பய்யா, இதக் கொஞ்சம் புடி" என்று இந்தியில் சொல்லிக் கட்டை அவர் கையில் திணித்தேன். அவர் திகைத்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். நல்ல பக்திமான் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். திரும்பி வந்து கையை நீட்டினேன். அவர் தரவில்லை. இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு அவசரம். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர்தான் ராத்து இலியேசா. இதையெல்லாம் ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்லி உங்களை அசத்தும் திறமை எனக்கு இல்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் மேடையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். "இப்போது மண்ணின் குரல்" என்றார்களாம். நான் எழுந்தேன். மண்ணுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. (அதுவும் மாசில்லாத எரிசக்திதானே?) முன்வரிசையைப் பார்த்தபோது, கோட்டுக்குக் கீழே சாம்பல் நிற சூலு ஒன்று கண்ணில் பட்டது. நல்ல ஆகிருதி. கழுத்தில் பூமாலை. சூலுவுக்குக் கீழே முழங்கால் வரை இழுத்துவிட்ட கறுப்பு சாக்ஸ், அதற்குக் கீழே தோல் செருப்பு. சாக்ஸ் கொஞ்சம் இடித்தது. ஆனால் படித்த தலைவர், குளிர் மண்டபம், போட்டிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். வழக்கத்தை மீற நான் யார்?

பேச்சிலிருந்தும் தப்பிக்கலாம், நிலத்தையும் கேட்டுவிடலாம் என்று ஒரு மின்னல் அடித்தது. நேரே போய் அந்தக் கால்களுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். தலையைக் குனிந்தேன். கட்டை வைத்தேன். காதும் காதும் வைத்த மாதிரி, மெல்லிய குரலில், பிஜி மொழியில் ஆரம்பித்தேன். உதவி செய்கிறேன் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து என் வாயருகே பிடித்தார். அது எனக்குத் தெரியவில்லை. என் குரல் நாலு மூலையிலிருந்தும் வருவதைக் கேட்டபோது, பயத்தில் காது அடைத்து எதிரொலிக்கிறது என்று நினைத்தேன்.

"ஐயா, இது சின்னக் கட்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். ட்ராசாவில் என் தாத்தாவும் அப்பாவும் உழுத உங்கள் நிலத்தில் இன்னும் முப்பது ஆண்டு உழ எங்களுக்கு மனமிரங்குங்கள்."

மண்டபம் அடங்கிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு தொப்பி தரையில் விழும் சத்தம் கேட்டது. நிலம் என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ்காரர் எழுந்துவிட்டார்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஒரு மாணவி நின்றிருந்தாள். பாவம், புத்திசாலிப் பெண். போலீஸ்காரரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கரும்பு விவசாயிகளுக்கு இன்னும் முப்பது ஆண்டு ஆதரவு தர வேண்டுமென்று கேட்கிறார்" என்று அரசியலை வடிகட்டிச் சொல்லிவிட்டாள். இதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள்.

இரண்டு கைகள் இறங்கி வந்து கட்டைத் தொட்டன. தூக்கின. தொட்டாயிற்று! அப்போது மேலேயிருந்து தழுதழுத்த ஆங்கிலக் குரல் ஒன்று கேட்டது.

"முப்பது எதற்கு? ஐம்பது ஆண்டு!"

நிமிர்ந்தேன். மாலைக்கு மேலே வேகவைத்த நண்டு நிறத்தில் ஒரு முகம். ஐரோப்பாவிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்த எரிசக்திப் பேராசிரியர். கண்ணில் தண்ணீர். பிஜி மேல் ஆசைப்பட்டு அன்றைக்குத்தான் சூலு கட்டியிருந்தாராம். கொசுவுக்குப் பயந்து சாக்ஸ். அவருக்கு இந்த நாட்டில் சொந்தமாக ஒரு பூந்தொட்டி மண்கூட இல்லை.

முதலில் ஒருவர் இருமினார். அடுத்தவர் துண்டால் வாயைப் பொத்தினார். பிறகு மண்டபத்திலிருந்த பிஜியர் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மற்றவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். பேராசிரியர் தன் மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் தூக்குமேடையில் மாலையோடு நிற்பவனைப் போல இருக்கிறேன்.

சாப்பாட்டு வாசனைக்கு உள்ளே வந்திருந்த அனீபா பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்? ஆளயே பாக்கக் கூடாதுன்னா சொன்னேன்?"

வயர் பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். சின்ன வயதில் லவுத்தோக்காவில் தங்கிப் படித்தவராதலால் இந்தி நன்றாகப் பேசினார்.

"பய்யா, ட்ராசாவுல எங்க எடத்துல இருக்கிறது நீங்களா?"

"உங்க... எடமா?"

"நான்தான் இலியேசா. காலைல என் கையில குடுத்தீங்க. சரி, ஏதோ கேக்கப் போறீங்கன்னு நானும் வாங்கிச் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். அப்புறம் புடுங்கிட்டுப் போயிட்டீங்க. எங்கிட்டயிருந்து யாரும் இதுவரைக்கும் அப்பிடிப் புடுங்கினதில்ல."

அதற்குள் போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது, மேலதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார்.

"யார்கிட்ட நெலம் கேட்டாரு?" என்றார் ராத்து.

"அந்த வெள்ளைக்காரர்கிட்ட."

"அவருக்கு இங்க நெலம் இருக்கா?"

போலீஸ்காரர் நன்றாக யோசித்தார். "இல்ல. அப்பிடின்னா அரசியல் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

பிறகுதான் அன்றைய விவாதம் உண்மையில் தொடங்கியது. தொட்ட கட்டைக் குடித்தாக வேண்டும் என்பதால் பாயை விரித்து, என் வேரை இடித்துக் கரைத்தார்கள். சுற்றி உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக் குடித்தபடி பிஜியர் வழக்காடினார்கள். முதலில் தொட்டவர் ராத்து, ஆகவே கேட்டது அவரிடம்தான் என்றது ஒரு கட்சி. தொட்டபோது வேண்டுகோளே சொல்லவில்லையே, கழிவறைக்குத்தானே போனான் என்றது எதிர்க்கட்சி. கட்டு ராத்து கைக்குப் போயிற்று, சொல் வெள்ளைக்காரர் காதுக்குப் போயிற்று, இதற்கு முன்மாதிரி இல்லை என்றார் போலீஸ்காரர். அவர்தான் எல்லாரையும்விட உற்சாகமாகப் பேசினார். சக்கை, சூரியன், காற்று எதுவும் யாருக்கும் நினைவில்லை. இரண்டாயிரத்து ஐம்பது பாட்டுக்குத் தனியாகச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் மட்டும் எல்லாவற்றையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார், அந்த மாணவி அவர் காதில் உண்மையைச் சொல்லும் வரை.

அவர் பேனாவை மூடினார். காது வரை சிவந்தார். "நான் எதை ஒப்புக்கொண்டேன்?" என்று மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். "திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

"முடியாது. குடிச்சிட்டோம்" என்றார் ராத்து. நிரம்பிய சிரட்டை ஒன்றை வாங்கிக் கையில் ஏந்தினார். அந்தச் சிரட்டைக்குள்தான் என் வீடும் கரும்பும் பாக்கியத்தின் சத்தியமும் மிதந்தன. "ஆனா தொட்டவரு பொறுப்பு எடுத்துக்கிட்டவரு. தன்கிட்ட இல்லாததக் கேட்டா, இருக்கிறவங்ககிட்ட வாங்கித் தர வேண்டியது அவரு கடமை. இவருக்காக இப்ப அவர்தான் கேக்கணும்."

பிஜியர் எல்லாரும் ஒரே குரலில் ஆமோதித்தார்கள். அனீபா பாய் ஓடிப்போய் டாக்சியில் தனக்கென்று வாங்கி வைத்திருந்த சின்னக் கட்டைக் கொண்டுவந்தார்.

அந்தக் காட்சியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அவ்வளவு பெரிய பேராசிரியர், சூலுவைக் கையால் அடக்கிக்கொண்டு, முட்டி இரண்டும் முறுக்கு ஒடிவது போலச் சத்தம் போட, ஜீன்ஸ் போட்டவர் முன்னால் பாயில் உட்கார்ந்தார். சாக்ஸ் நழுவியது. தலையைக் குனிந்தார். மாணவி பிஜி மொழியில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். ட்ராசாவில் இவர் தாத்தா உழுத நிலம், இவருக்கு முப்பது ஆண்டு. நடுவில் தலையைத் தூக்காமலே ஆங்கிலத்தில், "ஐம்பது கேட்கலாமா?" என்றார்.

"முப்பதே போதும்" என்று ராத்து இலியேசா கட்டைத் தொட்டார்.

என் வாழ்க்கையிலேயே முக்கியமான பேச்சை எனக்குப் பதிலாக வேறொருவர் பேசினார். கூச்சக்காரனுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் உண்டா? நான் செய்ததெல்லாம், பேராசிரியர் எழுந்திருக்க ஒரு கை கொடுத்ததுதான். கிளம்பும்போது ராத்து என் தோளில் கை வைத்தார். "ஊருக்கு வந்து பெரியவங்க முன்னாடி ஒரு கட்டு வைங்க. காகிதம் கையெழுத்தாயிரும். ஆனா பய்யா, இந்தத் தடவ நிமிந்து பாத்துட்டுக் குனிங்க."

அப்படியே செய்தேன். குத்தகை கிடைத்தது.

வீட்டில் நடந்ததையும் சொல்லித்தானே ஆக வேண்டும். சுவாவிலிருந்து திரும்பியதும் பாக்கியம் வாசலில் நின்று கேட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டாச்சு. குடுத்துட்டாங்க."

"நீங்களா கேட்டீங்க?"

"ஒரு வெள்ளைக்காரரு கேட்டாரு."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். உள்ளே ஆக்லாந்துக் குளிருக்காக மணி அனுப்பியிருந்த கம்பளிக் கோட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டிக்கு மேல் இருந்தது. அவள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஒரு வாரம் என்னோடு பேசாமலும் இருந்தாள். (எனக்கு அந்த வாரம் அமைதியாகத்தான் இருந்தது. அதை முகத்தில் காட்டிவிட்டது என் தவறு. இன்னொரு வாரம் நீட்டித்தாள்.) கோட்டு அலமாரிக்குள் போயிற்று. மணியின் மகள் வயதுக்கு வந்தது, பட்டம் வாங்கியது, வேலைக்குப் போனது எல்லாவற்றையும் அவள் தொலைபேசியில்தான் கேட்டாள்.

கதை மட்டும் எங்களுக்கு முன்னால் ஊர் சுற்றியது. அனீபா பாய் டாக்சியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் இலவச இணைப்பாகச் சொன்னார். எங்கள் வீட்டிலோ அது சட்டமாகிவிட்டது. யாருக்கு என்ன வேண்டுமானாலும் நேரில் கேட்பதில்லை; சாக்ஸ் போட்ட ஆள் ஒருவரைப் பிடித்து வந்து கேட்க வைப்பார்கள். செல்வி கணினி வேண்டுமென்று தன் வாத்தியாரம்மாவைச் சாக்ஸோடு உட்கார வைத்தாள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன், ஊரில் கிடைத்த ஒரு ஆஸ்திரேலியச் சுற்றுலாக்காரரைச் சாக்ஸ் மாட்டிக் கூட்டி வந்துவிட்டான். அவருக்கு நாங்கள் யார் என்றே தெரியாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கல்யாணம் நடந்தது.

பாக்கியம் மட்டும் இத்தனை ஆண்டுகளில் யாரையும் உட்கார வைத்ததில்லை. மற்றவர்கள் செய்யும்போது சமையலறை வாசலில் நின்று, "முப்பது கேட்டா அம்பது குடுக்கிற ஆளு, வேற எங்க கெடைப்பாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் நான் வயலிலிருந்து வந்தபோது கூடத்தில் பாய் விரித்திருந்தது. அனீபா பாய் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலில் ஒன்றுக்கொன்று சேராத இரண்டு சாக்ஸ். முன்னால் ஒரு வேர்க்கட்டு. அவருக்குப் பின்னால் சுவரோரமாக, அலமாரியிலிருந்து எடுத்த அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ட்ராசா வெயிலில் வியர்த்து ஒழுக, பாக்கியம் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

நான் சிரிக்கப் போனேன். யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணே," என்றார் அனீபா பாய், தலையைத் தூக்காமல். "தங்கச்சிக்கு தம்பி பொண்ணு கல்யாணத்துக்கு ஆக்லாந்து போகணுமாம். ஒரு மாசம். நீயும் கூட வரணுமாம். ஜனங்ககிட்ட எல்லாம் தானே பேசிக்கிதாம். நீ தரையப் பாத்துக்கிட்டே வந்தா போதுமாம்."

பெண் பார்க்கப் போன அன்று சம்மதம் சொன்ன அதே கால் விரல்களைப் பார்த்துவிட்டு, பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பிறகு கீழே உட்கார்ந்து கட்டைத் தொட்டேன்.

வெள்ளிக்கிழமை விமானம்.

ட்ராசா,
2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை.